கை நனைத்த பிறகு: வெளிநாட்டு ஓட்டல் பில்லும் டிப்ஸும்

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணிப் பக்கம் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வு கிடையாது. கல்யாணம் நடக்காத மாதம்தான். ஆனால் மொய் விருந்து நடக்கும் மாதம். சில பேர் கூட்டாகச் சேர்ந்து மண்டபம் பிடிப்பார்கள், கிடா வெட்டிக் கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறவர், வரிசையாகப் போட்டிருக்கும் மேசைகளில் தனக்கு வேண்டியவரின் பெயர் ஒட்டிய மேசையைத் தேடிப் போவார். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார். பக்கத்தில் இருப்பவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். முன்பு வாங்கிய மொய் எவ்வளவு, இன்றைக்கு அதற்கு மேல் எவ்வளவு என்பது இரண்டு வீட்டு நோட்டிலும் இருக்கும். 2022 ஆகஸ்டில் இந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் நடத்திய மொய் விருந்தில் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்ததாக நாளிதழ்கள் எழுதின. பணம் எண்ணும் எந்திரம் வைத்து எண்ண வேண்டியிருந்தது.

சாப்பிட்ட பிறகு காசு வைப்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிய பழக்கமில்லை. அதற்கு முறை உண்டு என்பதும், முறை தப்பினால் மனக்கசப்பு வரும் என்பதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஆள் திருச்சியில் விமானம் ஏறி, நாலு மணி நேரத்துச் சொச்சத்தில் சிங்கப்பூரில் இறங்கி, மகனோடு ஒரு ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் கை சட்டைப்பைக்குப் போகும். "தம்பி, நல்லா கவனிச்சான்ப்பா அந்தப் பையன். அஞ்சு டாலர் கொடுக்கவா?" என்பார். "வேணாம்ப்பா, பில்லுலயே போட்டுட்டான்" என்பான் மகன். யார் போட்டது, எதற்குப் போட்டது, அந்தப் பையன் கைக்கு அது போகுமா என்று அப்பா கேட்பார். மகனுக்கும் சரியாகத் தெரியாது.

இந்த அத்தியாயம் அந்த மூன்று கேள்விகளுக்காக.

ஓட்டல் பில்லில் சாப்பாட்டு விலைக்குக் கீழே வரும் காசு மூன்று வகை. ஒன்று வரி. அது அரசாங்கத்துக்குப் போகிறது, தவிர்க்க முடியாது. இரண்டாவது சர்வீஸ் சார்ஜ். அதைப் போடுவது கடைக்காரர். அவர் பணியாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், கல்லாவிலேயே வைத்துக்கொள்ளலாம், நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. மூன்றாவது டிப்ஸ். அது சாப்பிட்டவர் மனசு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஒரே வேலைக்கு இரண்டு தடவை பணம் கொடுக்கிறார்கள். சிலர் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் வந்துவிடுகிறார்கள்.

டெல்டா மாவட்டத்துக்காரர்கள் அதிகம் போகிற ஊர் என்பதால் சிங்கப்பூரிலிருந்து தொடங்குவோம். அங்கே உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல்களின் மெனுவில், விலைக்குப் பக்கத்திலோ அடியில் பொடி எழுத்திலோ ++ என்று இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதல் கூட்டல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். இரண்டாவது கூட்டல் ஜிஎஸ்டி. 2023 ஜனவரியில் 8 சதவீதமாகவும் 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதமாகவும் அதை உயர்த்தினார்கள். மற்றக் கடைகள் வரி சேர்த்த விலையைத்தான் எழுதி வைக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் வாங்கும் ஓட்டல்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆகவே மெனுவில் பார்க்கும் விலை கொடுக்கப் போகும் விலை இல்லை.

ஒரு பில்லை வைத்துப் பார்க்கலாம். நாலு பேர் சாப்பிட்டது 50 டாலர். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் என்றால் 5 டாலர், ஆக 55. ஜிஎஸ்டி இந்த 55க்குத்தான் போடப்படும், 50க்கு இல்லை. 55க்கு 9 சதவீதம் 4.95. மொத்தம் 59.95. பத்தும் ஒன்பதும் பத்தொன்பது என்று மனக்கணக்குப் போட்டவர் 59.50 எதிர்பார்ப்பார். பில் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, சர்வீஸ் சார்ஜுக்கும் வரி உண்டு என்பதுதான் காரணம். மெனுவில் ++ பார்த்தால் விலையை ஐந்தால் வகுத்து, வந்ததை அதோடு கூட்டிக்கொண்டால் போதும். 50 டாலர் என்றால் 60 வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த 10 சதவீதம் போட்ட பிறகு மேசையில் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. வைக்காமல் எழுந்து போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் டிப்ஸ் என்பது வழக்கத்திலேயே இல்லை. தேக்கா சென்டர் மாதிரியான ஹாக்கர் சென்டரில், அதாவது வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள் இருக்கும் உணவங்காடியில், சர்வீஸ் சார்ஜும் கிடையாது, டிப்ஸும் கிடையாது. ஆனால் அங்கே இன்னொரு கடமை இருக்கிறது. சாப்பிட்ட தட்டையும் தட்டேந்தியையும் எடுத்துப்போய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்துகிறார்கள். இலையை எடுக்காமல் எழுந்து போய்ப் பழகிய நம்மவர்கள் மறந்துபோகும் இடம் இதுதான். சீன உணவகத்தில் உட்கார்ந்தவுடன் மேசைக்கு வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் பல இடங்களில் காசு உண்டு. வேண்டாம் என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம், அது அங்கே சகஜம்.

மலேசியாவில் கணக்கு கொஞ்சம் இலேசு. உணவகங்களுக்கான சேவை வரி 6 சதவீதம். 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு 8 சதவீதமாக உயர்த்தியபோதும் சாப்பாடு உள்ளிட்ட சிலவற்றை 6 சதவீதத்திலேயே விட்டுவிட்டார்கள். இந்தச் சேவை வரி என்ற பெயரைப் பார்த்து, பரிமாறியவருக்குப் போகிற காசு என்று நினைத்துவிடக் கூடாது. அது அரசாங்கத்தின் வரி. பெரிய ஓட்டல்களில் இதோடு 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் இருக்கும். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' கடையிலும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலும் யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

மலேசிய ஓட்டல் தொழிலாளர்கள் இந்த 10 சதவீதத்துக்காக நீதிமன்றம் வரை போனார்கள். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது, வசூலாகும் சர்வீஸ் சார்ஜைச் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டி அந்தக் குறைந்தபட்சத்தை எட்டிவிடலாம் என்று சில நிர்வாகங்கள் நினைத்தன. 2021இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான ஃபெடரல் கோர்ட் அதை ஏற்கவில்லை. சர்வீஸ் சார்ஜ் ஊழியர்களுக்குச் சேர வேண்டிய பணம், முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய சம்பளத்தை அதை வைத்து நிரப்பக் கூடாது என்பது தீர்ப்பு. சாப்பிட்டவர் ஒருவருக்கென்று கொடுத்த காசு அவருக்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மொய் நோட்டில் ஒருவர் பெயருக்கு எழுதியதை வேறொருவர் எடுத்துக்கொண்டால் பேராவூரணியில் என்ன நடக்கும் என்று யோசித்தால் இதன் நியாயம் விளங்கும்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. துபாயில் கரக் சாயா விற்கும் கஃபேடேரியாவிலும் சாதாரண மெஸ்ஸிலும் எழுதிய விலையைக் கொடுத்தால் போதும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 ஜனவரி முதல் 5 சதவீத வாட் வரி இருக்கிறது, அது பெரும்பாலும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் உணவகங்களில் நகராட்சிக் கட்டணமும் சர்வீஸ் சார்ஜும் சேரும். இலங்கையில் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் எங்கும் நடுத்தர ஓட்டலுக்கு மேலே போனால் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் சாதாரணம். 2024 ஜனவரி முதல் வாட் வரி 18 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் பில் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும் என்பதால், உட்காருவதற்கு முன்பே மெனுவின் அடிவரியைப் பார்ப்பது நல்லது.

அமெரிக்கா முற்றிலும் வேறு உலகம். பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் அம்மாக்களும் பட்டமளிப்பு விழாவுக்குப் போகும் அப்பாக்களும் அதிகம் திணறும் நாடு இது. "நூறு டாலருக்குச் சாப்பிட்டு இருபது டாலர் டிப்ஸா? இது அநியாயம்" என்று மகளிடம் சண்டை போடாத பெற்றோர் குறைவு. அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயம் பரிமாறுகிறவர் செய்வதில்லை, அவருக்குச் செய்யப்படுவது.

அங்கே மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் மாறவில்லை. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கோ முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு வெறும் 2.13 டாலர். இது 1991இல் வந்த தொகை, இன்றும் அதே. மீதியை டிப்ஸில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும், டிப்ஸ் போதாவிட்டால் மட்டும் முதலாளி குறையை நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் இந்தக் குறைகூலியை அனுமதிப்பதில்லை. டெக்சாஸ் மாதிரியான மாநிலங்களில் இன்னமும் 2.13தான். ஆகவே அமெரிக்காவில் டிப்ஸ் என்பது இனாம் இல்லை. பெயர்தான் டிப்ஸ், உண்மையில் அது சம்பளத்தின் பெரும்பகுதி. ஊர் வழக்கப்படி சொன்னால் அது செய்முறை. செய்யாமல் வந்தால் குறை.

எவ்வளவு? மேசையில் உட்கார்ந்து, ஒருவர் வந்து கேட்டு, கொண்டுவந்து வைத்திருந்தால் 15 முதல் 20 சதவீதம். இந்தச் சதவீதத்தை வரிக்கு முந்தைய தொகைக்குப் போட்டால் போதும். நியூயார்க் நகரத்தில் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அங்கே விற்பனை வரி 8.875 சதவீதம். பில்லில் இருக்கும் வரியை இரட்டிப்பாக்கினால் டிப்ஸ் வந்துவிடும். சாப்பாடு 64 டாலர், வரி 5.68 என்றால் டிப்ஸ் 11.36. மொத்தம் 81.04. வரி வேறாக இருக்கும் ஊர்களில் இந்தக் கணக்கு ஒத்துவராது.

கார்டில் கட்டும் முறையும் நம் ஊரிலிருந்து வித்தியாசமானது. பரிமாறியவர் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். பார்த்ததும் பயம் வரும், பல ஓட்டல்களில் அங்கே அதுதான் நடைமுறை. திரும்பி வரும்போது கார்டோடு இரண்டு சீட்டு இருக்கும். ஒன்று கடைக்கு, ஒன்று நமக்கு. கடைச் சீட்டில் டிப்ஸுக்கு ஒரு காலிக் கோடு, அதற்குக் கீழே மொத்தத்துக்கு ஒரு காலிக் கோடு. இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தத்தைக் காலியாக விட்டுவிட்டு எழுந்து வருவது தவறு, நமக்கும் ஆபத்து. ஊர் வங்கியிலிருந்து முதலில் வரும் குறுஞ்செய்தியில் டிப்ஸ் சேராத தொகை இருக்கும், ஓரிரு நாளில் டிப்ஸோடு சேர்ந்த தொகை கணக்கில் ஏறும். இரண்டு தடவை பணம் எடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம், நமக்கான சீட்டை எடுத்து ஒத்துப் பார்த்தால் போதும்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஆறு பேர், எட்டுப் பேர் என்று கூட்டமாகப் போனால் பல ஓட்டல்கள் 18 சதவீதம் போலத் தாங்களாகவே பில்லில் சேர்த்துவிடும். அதற்குக் கீழேயும் டிப்ஸ் கோடு காலியாக நிற்கும். பேரன் பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு போய், ஏற்கெனவே சேர்த்ததைக் கவனிக்காமல் மறுபடியும் 20 சதவீதம் எழுதிவிட்டு வந்தவர்கள் உண்டு. அடுத்தது, காபிக்கடைக் கல்லாவில் நம் பக்கம் திருப்பி வைக்கும் திரை. ஒரு காபியைக் கையில் வாங்கிப் போவதற்கு 18, 20, 25 சதவீதம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். வேண்டாம் என்ற கட்டமும் அதிலேயே இருக்கிறது. அதைத் தொடுவதில் எந்த அவமானமும் இல்லை. மேசைக்கு வந்து பரிமாறியவருக்குக் கொடுப்பதைத் தவறவிடக் கூடாது, கல்லாவில் காபி நீட்டியதற்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

லண்டனில் பில்லில் 12.5 சதவீதம் சேர்ந்திருக்கும். பக்கத்தில் 'விருப்பத்தின் பேரில்' என்று பொருள்படும் ஒரு சொல்லும் இருக்கும். அந்தச் சொல் அலங்காரத்துக்கு இல்லை. கவனிப்பு மோசமாக இருந்தால், அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு, எடுத்துவிடுவார்கள். கவனிப்பு நன்றாக இருந்தால் அந்தக் காசு யாருக்குப் போகிறது என்ற கவலையும் இப்போது குறைந்திருக்கிறது. 2023இல் இயற்றி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுக்கத் தொழிலாளிகளுக்கே போக வேண்டும், முதலாளி பிடித்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும் சட்டம் இது. மற்ற நாடுகள் பார்த்துப் படிக்க வேண்டிய சட்டம் என்றே சொல்ல வேண்டும்.

பிரான்ஸில் மெனு விலையிலேயே சர்வீஸ் அடங்கிவிடுகிறது, மேலே கொடுத்தால் சில்லறை நாணயம் போதும். இத்தாலியில் 'கோப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ பில்லில் இருக்கும். அது ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், டிப்ஸ் இல்லை. ஜெர்மனியில் பில் 27 யூரோ என்றால் பணத்தை நீட்டும்போதே "30" என்று சொல்லிவிடுவார்கள், மேசையில் வைத்துவிட்டு நழுவ மாட்டார்கள்.

ஜப்பானில் கொடுக்கவே கூடாது. மேசையில் காசு வைத்துவிட்டு எழுந்து வந்தால், மறந்து வைத்துவிட்டோம் என்று நினைத்துத் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். வேலையை ஒழுங்காகச் செய்வது கடமை, அதற்குத் தனிக்காசு வாங்குவது கூச்சம் என்பது அங்கே மனதில் ஊறிப்போனது. குனிந்து ஒரு வணக்கமும் நன்றியும் போதும். சாயங்கால மதுக்கடைகளில் மட்டும், கேட்காமலே வரும் ஒரு சின்னக் கிண்ணப் பண்டத்துக்குப் பில்லில் காசு இருக்கும். அது இருக்கைக் கட்டணம் மாதிரி.

எந்த நாடானாலும் சில்லறை விஷயங்கள் சில. அந்த நாட்டுச் சின்ன நோட்டுகளை இறங்கியவுடன் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய நாணயத்தை டிப்ஸாக வைக்கக் கூடாது, வாங்கியவர் அதை எந்த வங்கியிலும் மாற்ற முடியாது. கார்டு எந்திரம் ரூபாயில் கட்டவா, உள்ளூர்ப் பணத்தில் கட்டவா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தொட வேண்டும். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள், டிப்ஸ் கொடுக்காமலே டிப்ஸ் அளவுக்குப் பணம் போய்விடும்.

இந்தச் சட்டங்களையெல்லாம் தெரிந்துகொண்டு ஊர் திரும்புகிறவர், சென்னையிலோ டெல்லியிலோ ஒரு பெரிய ஓட்டலில் பில்லை வாங்கிப் பார்க்கும்போது நம் நாட்டுச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் வாடிக்கையாளர் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2017 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. 2022 ஜூலை 4இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கட்ட மறுப்பவரை உள்ளே விடாமல் இருக்கக் கூடாது என்பவை அதன் சாரம். உணவக உரிமையாளர் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றம் போய் அந்த மாதமே இடைக்காலத் தடை வாங்கின. இரண்டரை ஆண்டுக்கு மேல் நடந்த வழக்கில் 2025 மார்ச் 28இல் தீர்ப்பு வந்தது. நெறிமுறைகள் செல்லும் என்றார் நீதிபதி பிரதீபா எம். சிங், மனுதாரர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார். சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

நம் பில்லில் எஸ்ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருக்கும். அதன் முதலெழுத்தைப் பார்த்து சர்வீஸ் என்று நினைத்து, டிப்ஸ் அதிலேயே போய்விட்டது என்று சும்மா எழுந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது மாநில அரசின் பங்கு. சாதாரண உணவகத்தில் மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை, ஆக 5 சதவீதம். பரிமாறியவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக எழுதியிருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியாக ஒன்று. கோலாலம்பூரிலோ துபாயிலோ சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலோ நமக்கு இட்லி கொண்டுவந்து வைக்கிறவர் ஒரத்தநாட்டுக்காரராகவோ மன்னார்குடிக்காரராகவோ இருக்கலாம். பில்லின் கடைசி மூன்று வரியைப் படித்த பிறகு, முதலாளி காதில் விழாத தூரத்தில் அவரிடம் ஊர்ப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்: "தம்பி, இந்த சர்வீஸ் சார்ஜு உங்க கைக்கு வருதா?" வருகிறது என்றால் பில்லை மட்டும் கட்டிவிட்டு வாருங்கள். இல்லை என்று தலையாட்டினால், உள்ளூர்ச் சின்ன நோட்டு ஒன்றை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.